ஏஜென்ட்டுக்குக் கருவிக்குறிப்பு எழுதுவது எப்படி: கேம் திட்டங்களுக்கான முழு வழிகாட்டி

புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பியிடம் “எக்ஸ்போர்ட் ஸ்கிரிப்டை ஓட்டு” என்று சொன்னால், எங்கே தட்டுகிறதோ அங்கே எழுந்து வந்து, “அண்ணே, இது எந்த ஃபோல்டர்?” என்று கேட்பான். நமக்காகக் கருவிகளை ஓட்டி வேலை செய்யும் ஏஐ நிரலான ஏஜென்ட் பல நேரம் அப்படிக் கேட்காது. தெரியாத இடத்தை யூகத்தால் நிரப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லிவிடும். அந்தத் தம்பி வாய்விட்டுக் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் எழுதி வைப்பதுதான் கருவிக்குறிப்பு.

உதாரணத்துக்கு ஒரு சின்ன கேமை எடுத்துக்கொள்வோம். கோடோ 4 (Godot) என்ற கேம் என்ஜினில் செய்தது. தாமிரபரணியின் எட்டு அணைகள் எட்டு லெவல். மதகைத் திறந்து மூடி வயல்களுக்குத் தண்ணீரைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மேல் அணையில் விட்டது போக மீதிதான் கீழ் அணைக்கு வரும். யூனிட்டி என்ற இன்னொரு என்ஜினில் வேலை செய்பவர்களுக்கும் வேலை வரிசை இதேதான். மாறும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறோம். கருவிகளின் (ஏஜென்ட் ஓட்டும் ஸ்கிரிப்ட்களின்) பெயர்களை இங்கே தமிழில் எழுதியிருக்கிறோம். ரெப்போவில் (திட்டத்தின் ஃபைல்கள் எல்லாம் இருக்கும் களஞ்சியத்தில்) அவை சின்ன ஆங்கில எழுத்தில் இருக்கட்டும்.

## 1. எழுத உட்காரும் முன்

நான்கு விஷயங்கள் தயாராக இருக்க வேண்டும்.

முதலாவது, என்ஜின் பதிப்பின் முழு எண். “கோடோ 4” என்பது போதாது. படம், ஒலி போன்ற ரிசோர்ஸ்களை மட்டும் இம்போர்ட் செய்துவிட்டு (என்ஜினுக்கு ஏற்ற வடிவில் மாற்றிவிட்டு) மூடிக்கொள்ளும் கட்டளைக் கொடி (கட்டளையோடு சேர்க்கும் விருப்பச் சொல்) தொடக்கக்கால 4 பதிப்புகளில் கிடையாது. 4.4-லிருந்து ஸ்கிரிப்ட்களுக்குப் பக்கத்தில் அவற்றின் அடையாளத்தை வைத்திருக்கும் யுஐடி ஃபைல் ஒன்று உருவாகிறது. பதிப்பைச் சொல்லாவிட்டால் ஏஜென்ட் எங்கோ படித்த வேறொரு பதிப்பின் கட்டளையை எழுதும். அந்த யுஐடி ஃபைல்களைக் குப்பை என்று நினைத்து நீக்கவும் செய்யும்.

இரண்டாவது, ரெப்போவிலிருந்து புதிதாக இறக்கிய (க்ளோன் செய்த) காப்பி. உங்கள் மெஷினில் ஓடுவது அங்கே ஓடாது. இம்போர்ட் செய்ததைக் கோடோ சேமித்து வைக்கும் கேஷ் ஃபோல்டர், ஃபைல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் (Git) ஏறுவதில்லை. அதனால் புதுக் காப்பியில் முதலில் இம்போர்ட் ஓட வேண்டும். இந்த ஒரு வரி இல்லாததால் “டெக்ஸ்சரைக் காணோம்” என்று நூறு எர்ரர் வரும். ஏஜென்ட் அந்த நூறையும் தனித்தனியாகச் சரிசெய்யப் போகும்.

மூன்றாவது, ஒவ்வொரு கருவியையும் டெர்மினலில் கையால் மூன்று முறை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்: சரியான உள்ளீட்டோடு ஒன்று, தவறான உள்ளீட்டோடு ஒன்று, ஒன்றுமே கொடுக்காமல் ஒன்று. பின்னால் சொன்ன இரண்டும்தான் குறிப்பில் அதிக இடம் பிடிக்கும்.

நான்காவது, எடிட்டர் மூடியிருக்க வேண்டும். யூனிட்டியில் இது கட்டாயம். ஒரே ப்ராஜெக்டை எடிட்டரில் திறந்து வைத்துக்கொண்டு திரையில்லாமல் கட்டளையால் ஓட்டும் பேட்ச் மோடிலும் திறக்க முடியாது.

## 2. கருவிகளைக் கணக்கெடுத்து மூன்றாகப் பிரியுங்கள்

புதிதாக எழுதுபவர்கள் ஸ்கிரிப்ட் ஃபோல்டரைத் திறந்து அகர வரிசையில் எழுதத் தொடங்குவார்கள். அப்படி வேண்டாம். முதலில் பிரியுங்கள்: வெறுமனே பார்த்துச் சொல்பவை, மாற்றி எழுதுபவை (கிட்டில் திரும்பப் பெறலாம்), திரும்பப் பெற முடியாதவை.

நம் கேமில் ஆறு கருவி. லெவல் சரிபார்ப்பு முதல் வகை. படங்களை ஒரே பெரிய படமாகத் தொகுத்து அட்லஸ் ஆக்குவது, இம்போர்ட், மொழிபெயர்ப்பு ஃபைல் உருவாக்குவது, ஓடக்கூடிய கேம் ஃபைலாக்கும் எக்ஸ்போர்ட் ஆகிய நான்கும் இரண்டாம் வகை. ஆப் கடைக்கு பில்ட் (எக்ஸ்போர்ட் செய்து முடித்த கேம் ஃபைல்) ஏற்றுவது மூன்றாம் வகை.

குறிப்பை முதல் வகையில் தொடங்குங்கள். ஏஜென்ட் எதை மாற்றினாலும் ஓட்டிப் பார்க்க ஒரு சரிபார்ப்புக் கருவி இருந்தால், மற்றக் குறிப்புகளில் பாதியை எழுதவே தேவையில்லை. “மாற்றிய பின் லெவல் சரிபார்ப்பை ஓட்டு” என்று முடித்துவிடலாம்.

ஒரே வேலைக்கு இரண்டு ஸ்கிரிப்ட் இருந்தால் பழையதை அழித்துவிடுங்கள். “இது பழையது, பயன்படுத்தாதே” என்று எழுதி வைத்தாலும் ஃபைல் கண்ணில் படும் வரை என்றாவது ஒருநாள் அதை ஓட்டும்.

## 3. பெயர்களையும் ஊர்ச் சொற்களையும் முதலில் பூட்டுங்கள்

தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது வரும் குழப்பம்தான் இந்த வேலையின் பெரிய ஓட்டை. பழவூர் லெவலுக்கு ‘ழ’வை ஒருவர் இசட்-ஹெச் போட்டு எழுதியிருப்பார், இன்னொருவர் எல் போட்டு எழுதியிருப்பார். ஏஜென்ட் இரண்டையும் பார்க்கும். இரண்டு அணை என்று எடுத்துக்கொள்ளும். கோடைமேலழகியானில் அதே ழகரம் மறுபடி வருகிறது. ஒன்பதாவதாக ஒரு லெவல் முளைத்தால் முதலில் இங்கே தேடுங்கள்.

ஆகவே ரெப்போவின் மேல்மட்டத்தில் ஒரு சொற்பட்டியல் ஃபைல் வையுங்கள். இடப்பக்கம் தமிழ்ப் பெயர், நடுவில் ஒரே ஒரு ஆங்கில எழுத்து வடிவம், வலப்பக்கம் ஒரு வரி விளக்கம். “இப்பட்டியலில் இல்லாத ஐடியை உருவாக்காதே, தேவைப்பட்டால் கேள்” என்று தலைப்பிலேயே எழுதுங்கள்.

அணைகளுக்கு வரிசை எண் கட்டாயம். மேலிருந்து கீழாக: 01 கோடைமேலழகியான், 02 நதியுண்ணி, 03 கன்னடியன், 04 அரியநாயகிபுரம், 05 பழவூர், 06 சுத்தமல்லி, 07 மருதூர், 08 ஸ்ரீவைகுண்டம். ஃபைல் பெயரில் எண் இல்லையென்றால் ஸ்கிரிப்ட் அகர வரிசையில் அடுக்கி அரியநாயகிபுரத்தை முதல் லெவலாக்கிவிடும். தண்ணீர்க் கணக்கு முழுக்கத் தலைகீழாகும். ஆனால் எர்ரர் ஒன்றும் வராது. எர்ரர் வராத தவறுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

பருவப் பெயரும் அப்படியே. இங்கே நெல்லுக்குக் கார், பிசானம். பட்டியலில் இதைச் சொல்லாவிட்டால் ஏஜென்ட் காவிரிப் படுகைச் சொற்களான குறுவை, சம்பாவைக் கொண்டுவந்து வைக்கும். அவைதான் இணையத்தில் அதிகம். “பருவம்: கார், பிசானம்; வேறு மதிப்பு இல்லை” என்று மூடிய பட்டியலாகக் கொடுங்கள். விளக்க வரியில் “கார் என்பது நெல் பருவம், வாகனமல்ல” என்று சேர்ப்பது வேடிக்கையாகத் தோன்றும். ஐகான் வரையச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

கருவியின் பெயரில் வினை இருக்கட்டும். “லெவல்” என்பதைவிட “லெவலைச் சரிபார்” என்பது எதையும் எழுதாது என்பதைப் பெயரிலேயே சொல்லிவிடுகிறது.

## 4. ஒரு கருவிக்கு ஒரு பக்கம், எல்லாப் பக்கமும் ஒரே வரிசையில்

ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று முழுதாகவே பாருங்கள்:

> கருவி: ஆண்ட்ராய்டு எக்ஸ்போர்ட்
> வேலை: சோதனைக்கான ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப்) ஃபைல் ஒன்றை உருவாக்கும்.
> எப்போது கூடாது: கடைக்கு ஏற்றும் பில்டுக்கு இது அல்ல. லெவலை மட்டும் மாற்றியிருந்தால் லெவல் சரிபார்ப்பு போதும்.
> முன்தேவை: இம்போர்ட் முடிந்திருக்க வேண்டும். இதே பதிப்பின் எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட் (எக்ஸ்போர்ட்டுக்கு என்ஜின் தரும் அடிப்படை ஃபைல்) மெஷினில் இருக்க வேண்டும்.
> உள்ளீடு: ப்ரீசெட் (சேமித்து வைத்த எக்ஸ்போர்ட் அமைப்பு) பெயர். “ஆண்ட்ராய்டு சோதனை” மட்டும் ஏற்கப்படும். இயல்பு மதிப்பு இல்லை.
> எழுதும் இடம்: பில்ட் ஃபோல்டர் மட்டும். பழைய ஏபிகே இருந்தால் மேலெழுதும்.
> முடிவு: வெற்றி என்றால் கடைசி வரியில் ஏபிகே பாதையும் பைட் அளவும், வெளியேறும் எண் (முடியும்போது கருவி தரும் எண்) 0.
> தோல்வி (எண் 2): டெம்ப்ளேட் இல்லை. நீயாக இறக்காதே, மனிதரிடம் சொல்.
> தோல்வி (எண் 3): ப்ரீசெட் பெயர் பொருந்தவில்லை. ப்ரீசெட் ஃபைலைத் திருத்தாதே; உள்ளீட்டைத் திருத்தி ஒருமுறை மட்டும் மறுபடி ஓட்டு.
> தொடாதே: கேஷ் ஃபோல்டர். எக்ஸ்போர்ட் ரகசியங்கள் அதற்குள் இருக்கின்றன.

“எப்போது கூடாது” மூன்றாவது வரியிலேயே வந்ததற்குக் காரணம் உண்டு. ஏஜென்ட் கருவியைத் தேர்ந்தெடுப்பதே முதல் சில வரிகளை வைத்துத்தான். தடையைக் கடைசியில் எழுதினால், கருவி தேர்வான பிறகுதான் அது கண்ணில் படும்.

“ஒருமுறை மட்டும்” என்ற எண்ணிக்கை முக்கியம். “மறுபடி முயற்சி செய்” என்று மொட்டையாக எழுதினால் அதே கட்டளையை ஏழெட்டுத் தடவை ஓட்டும்.

கடைசி வரியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏதாவது ஒட்டாமல் போனால் கோடோவின் கேஷ் ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி இம்போர்ட் செய்வது எல்லோரும் செய்யும் வைத்தியம். ஏஜென்ட்டுக்கும் அது தெரியும். ஆனால் அண்மைக்கால 4 பதிப்புகளில் ஆண்ட்ராய்டு கீஸ்டோர் (ஆப்பில் கையொப்பமிடும் சாவி ஃபைல்) கடவுச்சொல் போன்ற எக்ஸ்போர்ட் ரகசியங்கள் அதே ஃபோல்டருக்குள் தனி ஃபைலில் இருக்கின்றன. ஃபோல்டர் போனால் அதுவும் போகும். “தொடாதே” என்று மட்டும் எழுதாமல், காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். காரணம் தெரிந்த தடையைத்தான் ஏஜென்ட் வேறு சூழலிலும் சரியாகப் பொருத்துகிறது.

## 5. தோல்வியை எழுதுவது: அதிக நேரம் இங்கே செலவிடுங்கள்

வெற்றி ஒரு வரி. தோல்வி பல வகை. பெரும்பாலோர் நேரத்தைத் தலைகீழாகச் செலவிடுகிறார்கள்.

வெளியேறும் எண்ணை நம்பும் முன் சோதியுங்கள். கோடோவின் மொழியான ஜிடிஸ்கிரிப்டில் ஓடும்போது வரும் எர்ரர் அந்த ஃபங்ஷனை மட்டும் நிறுத்தும். புரோகிராம் தொடர்ந்து ஓடும். நீங்களாக க்விட் ஃபங்ஷனுக்கு 1 கொடுத்து மூடாவிட்டால் வெளியேறும் எண் 0 ஆகவே வரும். லாகில் (ஓட்டப் பதிவில்) சிவப்பாக நாலு வரி, எண்ணோ 0. ஏஜென்ட் எண்ணைப் பார்த்து “வெற்றி” என்று எழுதும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. எடிட்டர் இல்லாமல் ஓட்டும் ஸ்கிரிப்டில் க்விட் வரிக்கு முன்னால் எர்ரர் வந்தால் அந்த வரிக்குப் போகவே போகாது. புரோகிராம் மூடாமல் சும்மா நிற்கும். ஏஜென்ட்டும் காத்துக்கொண்டே நிற்கும். கருவியைச் சுற்றி ஒரு நேர வரம்பு வையுங்கள், அதைக் குறிப்பிலும் எழுதுங்கள்: “வழக்கமாக 20 நொடி. 120 நொடி தாண்டினால் கருவி தானே நின்று 9 என்று வெளியேறும்.” வழக்கமான நேரம் தெரியாவிட்டால் எது தாமதம், எது தொங்கல் என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

பிழைச் செய்தியில் மூன்று பகுதி வேண்டும்: என்ன, எங்கே, அடுத்து என்ன. “லெவல் செல்லாது” என்ற செய்தியை வைத்து எதுவும் செய்ய முடியாது. “லெவல் 05 பழவூர்: கால்வாய் 2-க்கு வடிகால் இல்லை. கட்டம் வரிசை 14, பத்தி 9. வடிகால் ஓட்டை வை அல்லது கால்வாயை வயலோடு சேர்” என்றால் அடுத்த அடி தெரிகிறது. இந்த மூன்றாவது பகுதியைக் குறிப்பில் எழுதுவதைவிடக் கருவியின் செய்தியிலேயே எழுதுவது மேல். தேவைப்படும் நொடியில் கண்முன் இருக்கும்.

லாகை அப்படியே கொட்டாதீர்கள். முழு இம்போர்ட் லாக் ஆயிரக்கணக்கான வரி போகலாம். அத்தனையும் ஏஜென்ட் ஒரே நேரத்தில் நினைவில் வைக்கக்கூடிய இடத்தைத் தின்னும்; நீங்கள் முதலில் கொடுத்த சொற்பட்டியல் பின்னுக்குத் தள்ளப்படும். கருவி முழு லாகை ஃபைலில் எழுதட்டும். திரையில் எர்ரர் வரிகளும் கடைசி 40 வரியும் போதும். ஃபைல் எங்கே இருக்கிறது என்பதையும் ஒரு வரியில் சொல்லட்டும்.

எம்சிபி (ஏஜென்ட்டையும் கருவிகளையும் இணைக்கும் பொது நெறிமுறை) வழியாக இணைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. எஸ்டிடிஐஓ முறையில் (புரோகிராமின் வழக்கமான உள்ளீடு, வெளியீட்டுப் பாதைகள் வழியாகப் பேசும் முறையில்) ஓடும் சர்வர், வழக்கமான வெளியீட்டுப் பாதையில் நெறிமுறைச் செய்திகளைத் தவிர எதையும் எழுதக் கூடாது. சோதனைக்குப் போட்ட ஒரு பிரிண்ட் வரி அந்தப் பாதையில் கலந்தால் இணைப்பே குழம்பும். லாக் எல்லாம் எர்ரர் பாதைக்குப் போகட்டும். “படிக்க மட்டும்”, “அழிக்கக்கூடியது” என்று கருவிக்கு அடையாளம் குத்தவும் எம்சிபியில் வசதி இருக்கிறது, குத்துங்கள். ஆனால் அது வெறும் அறிவிப்புதான், பூட்டு அல்ல.

## 6. தமிழ் எழுத்து தொடர்பான குறிப்புகளுக்குத் தனிப் பக்கம்

கேமில் தமிழ் உரை இருந்தால் இந்தப் பக்கம் இல்லாமல் வேலை நடக்காது. ஆங்கிலக் கேம்களுக்கு எழுதிய குறிப்பில் இவை இருக்காது.

மொழிபெயர்ப்பு சிஎஸ்வி ஃபைல் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில், பிஓஎம் (ஃபைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் அடையாளம்) இல்லாமல் இருக்க வேண்டும் என்று கோடோ கேட்கிறது. எக்செலில் “சிஎஸ்வி யூடிஎஃப்-8” என்று சேமித்தால் பிஓஎம் சேர்ந்துவிடும். ஆகவே எக்செல் ஃபைலை நேரடியாக ரெப்போவில் போடாமல், நம் மொழிபெயர்ப்புக் கருவி வழியாக மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

‘கொ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம்: ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்து இரண்டு குறியீடு, அல்லது ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்று. திரையில் ஒன்றுபோலவே தெரியும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. “எல்லா உரையும் என்எஃப்சி வடிவில்” (மேலே சொன்ன இரண்டு குறியீட்டு வடிவில்) என்று எழுதுவதோடு கருவியே மாற்றிக்கொள்ளும்படி செய்துவிடுங்கள்.

பொத்தானில் எத்தனை எழுத்து கொள்ளும் என்று சொல்லும்போது எதை எண்ணுகிறீர்கள் என்றும் சொல்லுங்கள். “நெல்லை” நமக்கு 3 எழுத்து. யூனிகோடில் 6 குறியீடு. யூடிஎஃப்-8இல் 18 பைட். “அதிகபட்சம் 12” என்று எழுதினால் எந்தக் கணக்கில் 12? இதைவிட, எழுத்துரு போட்டுப் பிக்சல் அகலத்தை அளந்து சொல்லும் கருவியே நல்லது.

குறிப்பைத் தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்திலா? ஒரே விஷயம் தமிழில் பொதுவாக அதிக டோக்கன் (ஏஜென்ட் உரையைப் பிரித்துப் படிக்கும் துண்டு) பிடிக்கிறது. எந்நேரமும் ஏற்றப்படும் மேல்மட்ட ஃபைலைச் சுருக்கமாக ஆங்கிலத்தில் வைத்து, சொற்பட்டியலையும் உரைநடை விதிகளையும் தமிழில் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். குறிப்பைப் பராமரிக்கப் போகிறவர் தமிழில்தான் தெளிவாக எழுதுவார் என்றால் முழுக்கத் தமிழிலேயே வையுங்கள். மோசமான ஆங்கிலத்தைவிட அது மேல்.

## 7. திரும்பப் பெற முடியாதவற்றைக் குறிப்பால் தடுக்காதீர்கள்

கடைக்கு ஏற்றும் கருவிக்கு “கவனமாகப் பயன்படுத்து” என்று எழுதுவது வீண். கூகுள் ப்ளேயில் ஒருமுறை ஏற்றிய வெர்ஷன் கோடு எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது. ஏஜென்ட் சோதனைக்காக ஒரு ஏற்று ஏற்றினால் அந்த எண் போயிற்று.

செய்ய வேண்டியது: ஏற்றும் சாவி ஏஜென்ட் ஓடும் பயனர்க் கணக்கில் இல்லாமல் பார்த்துக்கொள்வது. குறிப்பில் “இதை மனிதர் மட்டுமே ஓட்டுவார். பில்ட் தயாரானதும் பாதையைச் சொல்லி நிறுத்து” என்று இரண்டு வரி. கடவுச்சொல்லையோ கீஸ்டோர் பாதையையோ எந்தப் பக்கத்திலும் எழுதாதீர்கள்.

பழைய அட்லஸ்களை நீக்குவது போன்ற கருவிகளில், எதுவும் கொடுக்காமல் ஓட்டினால் “இவற்றை நீக்குவேன்” என்று பட்டியல் மட்டும் காட்டட்டும். உண்மையில் நீக்கத் தனிக் கொடி தேவைப்படட்டும்.

## 8. பாதியில் நின்றால்

துணைமின் நிலையப் பராமரிப்பு என்று பகலில் கரண்ட் போகும் நாள் எல்லோருக்கும் தெரியும். யுபிஎஸ் கால் மணி நேரம் தாங்கும். அட்லஸ் வேலை அதற்குள் முடியாது.

கருவி தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதும் முடிந்த பிறகே உண்மைப் பெயருக்கு மாற்றட்டும். அப்படிச் செய்திருந்தால் குறிப்பில் ஒரே வரி: “பாதியில் நின்றால் அப்படியே மறுபடி ஓட்டலாம், கேடில்லை.” பூட்டு ஃபைல் வைக்கும் கருவியாக இருந்தால், அது எங்கே இருக்கும், எப்போது நீக்கலாம் என்பதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஏஜென்ட் “வேறு யாரோ ஓட்டுகிறார்கள்” என்று முடிவு செய்து நின்றுவிடும்.

## 9. குறிப்பை மட்டும் கொடுத்துச் சோதியுங்கள்

புதுக் க்ளோன், புது உரையாடல், குறிப்பு மட்டும். மூன்று வேலை கொடுங்கள்:

- 06 சுத்தமல்லி லெவலில் ஒரு வயலைக் கூட்டி, சரிபார்ப்பில் தேற வை.
- பிசானப் பருவத்துக்குப் புது வரி ஒன்றை மொழிபெயர்ப்பில் சேர்.
- இல்லாத ப்ரீசெட் பெயர் ஒன்றைக் கொடுத்து எக்ஸ்போர்ட் செய்யச் சொல்.

மூன்றாவதுதான் உண்மையான பரீட்சை. அது ப்ரீசெட் ஃபைலைத் திருத்தப் போனால் உங்கள் தோல்விப் பகுதி சரியில்லை.

ஓடும்போது இடையில் உதவாதீர்கள். பொறுமையில்லாமல் “அது இல்லை, அந்த ஃபோல்டர்” என்று சொல்லிவிடுவதுதான் இந்தப் படியில் வழக்கமாக நடக்கும் தவறு. சொல்லிவிட்டால் ஓட்டை அடைபட்டது போலத் தெரியும். குறிப்பில் அது அப்படியே இருக்கும்.

அது எங்கெல்லாம் யூகித்தது என்று பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் உடனே ஒரு வரி சேர்க்கத் தோன்றும். அதற்கு முன் கருவியை மாற்ற முடியுமா என்று பாருங்கள். கோடோ எக்ஸ்போர்ட்டுக்கு இலக்கு ஃபோல்டர் முன்பே இருக்க வேண்டும். அதைக் குறிப்பில் எழுதலாம். கருவியே ஃபோல்டரை உருவாக்கிக்கொண்டால் எழுதவே வேண்டாம். ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால் விண்டோஸில் ஓடும், ஆண்ட்ராய்டில் ஓடாது; இதையும் லெவல் சரிபார்ப்பே பிடிக்கட்டும். ஒரு சுற்றில் குறிப்பு கூடிக்கொண்டே போகிறது என்றால், பெரும்பாலும் கருவியில்தான் வேலை பாக்கி இருக்கிறது.

## 10. பழசாகாமல் வைத்துக்கொள்ள

உள்ளீடுகளின் பட்டியலைக் கையால் எழுதாதீர்கள். கருவியின் உதவி வெளியீட்டிலிருந்தே அந்தப் பகுதியை உருவாக்குங்கள். கொடி ஒன்றை மாற்றிவிட்டுக் குறிப்பை மறந்தால், ஏஜென்ட் பழைய கொடியை நம்பி அதே எர்ரரைச் சுற்றிச் சுற்றி வரும்.

கருவி ஃபைல் மாறி, அதன் பக்கம் மாறாமல் கமிட் (கிட்டில் பதியும் மாற்றம்) வந்தால் எச்சரிக்கும் சின்ன கிட் ஹூக் (கிட் தானாக ஓட்டும் ஸ்கிரிப்ட்) ஒன்று போதும். என்ஜின் பதிப்பை உயர்த்தும் நாளில் மட்டும், 9-ஆம் படியின் மூன்று வேலைகளையும் மறுபடி முழுதாக ஓட்டுங்கள். பதிப்பு எண் வரியை அதற்குப் பிறகு மாற்றுங்கள், முன்னால் அல்ல.